டெட் குரூஸ் வழக்கறிஞராக இருந்து செனட்டர் ஆனது எப்படி?

சுருக்கமாகச் சொன்னால், நீதிமன்றத்தில் சேர்த்த பெயரைத்தான் அவர் தேர்தலில் ஓட்டாக மாற்றினார். ஹார்வர்டில் சட்டம் படித்துவிட்டு, அமெரிக்கத் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட்டிடம் உதவியாளராக இருந்தவர். 1999இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் அதிபர் தேர்தல் குழுவில் சேர்ந்து, 2000 தேர்தல் முடிவைத் தீர்மானித்த புளோரிடா ஓட்டு மறுஎண்ணிக்கை வழக்கிலும் வேலை பார்த்தார்.

திருப்பம் 2003இல் வந்தது. டெக்சாஸ் மாநிலத்தின் சொலிசிட்டர் ஜெனரல் ஆனார், அதாவது மேல்முறையீடுகளில் மாநிலத்துக்காக வாதாடுபவர். அங்கே அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஒரு மரண தண்டனை வழக்கு. மெக்சிகோ நாட்டுக் கைதியின் வழக்கை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றது சர்வதேச நீதிமன்றம்; அதிபர் புஷ்ஷும் அதற்கு இணங்கச் சொன்னார். குரூஸ் தன் பழைய தலைவரையே எதிர்த்து நின்று, 2008இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 6-3 என்று ஜெயித்தார். மாநில உரிமை பேசும் பழமைவாதிகளுக்கு இதைவிட நல்ல விசிட்டிங் கார்டு வேண்டுமா என்ன!

அப்புறம் 2012 செனட் தேர்தல். அதுவரை எந்தத் தேர்தலிலும் ஜெயித்து பதவிக்கு வந்தவரில்லை. எதிரே துணை ஆளுநர் டியூஹர்ஸ்ட்: பெரும் பணக்காரர், குடியரசுக் கட்சி மேலிடத்தின் ஆதரவும் அவருக்குத்தான். மே மாத உட்கட்சித் தேர்தலில் குரூஸ் இரண்டாமிடம். ஆனால் டெக்சாஸில் யாரும் பாதிக்கு மேல் ஓட்டு வாங்காவிட்டால் முதல் இருவருக்கும் இடையே மறுதேர்தல் உண்டு. டீ பார்ட்டி என்ற பழமைவாத இயக்கத்தின் ஆதரவாளர்கள் ஜூலையில் திரண்டு வந்து அவரை ஜெயிக்க வைத்தார்கள். என்னைக் கேட்டால், அந்த விதி இல்லையென்றால் அவர் வக்கீலாகவே இருந்திருப்பார். டெக்சாஸ் குடியரசுக் கட்சியின் கோட்டை என்பதால், நவம்பர் தேர்தல் வெறும் சம்பிரதாயம்தான்.