பிள்ளைக்கு ஆட்டிசம்னு டிவில சொல்லலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, 'ரியல் ஹவுஸ்வைவ்ஸ் ஆஃப் நியூ ஜெர்சி'ங்கற அமெரிக்க ரியாலிட்டி டிவி ஷோல வந்த ஜாக்குலின் லாரிட்டா தன் பையனுக்கு ஆட்டிசம்னு சொன்ன பழைய பேட்டியை இப்பதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துருச்சு, ஆனா கூட இருந்து பார்த்தவங்க எல்லாம் ஷோவுக்காக பிள்ளையை வெச்சு அனுதாபம் தேடுறாங்கன்னு சொல்லிட்டாங்க. ஒரு அம்மா வாயத் திறந்து சொன்னா ஏன் இவ்ளோ கோவம் வருது?

பதில்: அவங்க சொன்னது 2012ல, பையனுக்கு அப்ப மூணு வயசு. அந்த ஷோவே பெரும்பாலும் சண்டை சச்சரவுலதான் ஓடும், அதுல சண்டை போட்டுப் பார்த்த ஒருத்தங்க திடீர்னு உடைஞ்சு அழுதா ஜனங்களுக்கு நம்பறதா வேணாமான்னு தெரியல, அது ஒரு காரணம். ஆனா அதைவிட பெரிய காரணம் பயம்னுதான் நான் நினைக்கிறேன். இன்னொருத்தர் பிள்ளைக்கு ஆட்டிசம்னு கேட்ட உடனே நம்ம மனசு ஒரு காரணத்தைத் தேடுது, மாசமா இருக்கும்போது என்ன சாப்பிட்டா, வேலைக்குப் போனாளா, பிள்ளைகிட்ட போனைக் குடுத்தாளான்னு, ஏன்னா அவ பண்ணின தப்பு ஒன்னு கெடைச்சுட்டா நாம அதைப் பண்ணல, அதனால நமக்கு வராதுன்னு ஒரு நிம்மதி. அந்த நிம்மதிக்கான விலையை அந்த அம்மா குடுக்கறா.

இது இன்னைக்கு நேத்து வந்ததும் இல்ல. 1943ல லியோ கேனர்னு ஒரு மனநல டாக்டர் 11 பிள்ளைங்களைப் பார்த்து ஆட்டிசம் பத்தி எழுதினார், அதுக்கப்புறம் வருஷக்கணக்கா டாக்டர்களே அம்மாவுக்குப் பாசம் இல்லாததாலதான் இப்படின்னு சொன்னாங்க, 'ஃபிரிட்ஜ் அம்மா'ன்னு பேரே வெச்சாங்க. பிள்ளையைக் கூட்டிட்டு உதவி கேட்டு வந்த பொம்பளைங்களுக்கு டாக்டர் வாயாலேயே அந்தப் பேரு! 1964ல பெர்னார்ட் ரிம்லேண்ட்னு ஒரு சைக்காலஜிஸ்ட் இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, பாசம் சம்பந்தப்பட்டது இல்லன்னு எழுதினார், அவர் பையனுக்கே ஆட்டிசம். டாக்டர்கள் அந்தப் பேச்சை விட்டுட்டாங்க, ஜனங்க இன்னும் விடல.

இங்கிலாந்துல 'ரியல் ஹவுஸ்வைவ்ஸ் ஆஃப் செஷயர்'ல வந்த கிறிஸ்டின் மெக்கின்னஸை எடுத்துக்கங்க, மூணு பிள்ளைங்க, மூணு பேருக்கும் ஆட்டிசம். 2021ல அவங்களுக்கே ஆட்டிசம்னு தெரிய வந்துச்சு, அப்ப அவங்களுக்கு 33 வயசு. பல குடும்பத்துல இப்படித்தான், பிள்ளையை டெஸ்டுக்குக் கூட்டிட்டுப் போன அம்மாவோ அப்பாவோ அங்க கேக்கற கேள்வியெல்லாம் தனக்கும் பொருந்துதேன்னு உக்காந்துடுவாங்க. ஆட்டிசத்துல மரபணுவோட பங்கு ரொம்பப் பெருசு. அதுல யாரைப் போய் குத்தம் சொல்றது?

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 20 மாசம். ஏழெட்டு வார்த்தை பேசிட்டு இருந்தான், ரெண்டு மாசமா ஒன்னும் இல்ல, பேர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பறது இல்ல. நீங்க மேல பேசின மாதிரி டிவி அம்மாங்க கதையைக் கேட்டுட்டு என் நாத்தனார் தடுப்பூசிதான் காரணம், அடுத்த ஊசி போடாதன்னு ஒரே பிடியா நிக்கறாங்க. என்ன பண்ணட்டும்?

பதில்: தங்கச்சி, ஊசியை நிறுத்தாத. இந்தப் பேச்சு எங்க ஆரம்பிச்சுதுன்னு சொல்றேன். 1998ல ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட்னு ஒரு டாக்டர் வெறும் 12 பிள்ளைங்களை வெச்சு 'லான்செட்' பத்திரிகைல ஒரு கட்டுரை போட்டார், தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா வராம இருக்கப் போடற எம்எம்ஆர் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இருக்கலாம்னு. அது நேர்மையில்லாத வேலைன்னு தெரிஞ்சு 2010ல அந்தப் பத்திரிகையே கட்டுரையை வாபஸ் வாங்குச்சு, அதே வருஷம் அவரை டாக்டர் பட்டியல்ல இருந்தே தூக்கினாங்க. 2019ல டென்மார்க்ல 6,57,461 பிள்ளைங்களோட ரெக்கார்டை வெச்சுப் பார்த்தாங்க, ஊசி போட்டவங்களுக்கு ஆட்டிசம் கூடுதலா வரவே இல்ல.

அப்புறம் ஏன் இத்தனை அம்மாக்கள் ஊசின்னு நம்பறாங்க? அவங்க பொய் சொல்லல. பேசிட்டு இருந்த வார்த்தை நின்னு போறது உண்மை, ஆட்டிசம் உள்ள பிள்ளைங்கள்ல ஏறக்குறைய மூணுல ஒரு பங்குக்கு இப்படி நடக்குது, அது பெரும்பாலும் ஒன்னு ரெண்டு வயசுக்குள்ள நடக்குது, அந்த ஊசி போடற வயசும் அதேதான். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வர்றதால அம்மா மனசு முடிச்சு போட்டுடுது. நாத்தனார்கிட்ட சண்டை போடாம இதை மட்டும் பொறுமையா சொல்லிப் பாரு.

ஆனா நீ முதல்ல செய்ய வேண்டியது வேற. வார்த்தை நின்னதை எந்த வயசுலயும் லேசா எடுத்துக்கக் கூடாது. பசங்க லேட்டாதான் பேசுவாங்கன்னு யாராவது சொன்னா கேட்டுக்கிட்டு உக்காராத, இது லேட் இல்ல, இருந்தது போயிருக்கு. இந்த வாரமே பிள்ளைங்க டாக்டர்கிட்ட போ, காது டெஸ்ட் எடு, குழந்தை வளர்ச்சி பார்க்கிற ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்பச் சொல்லி அந்த டாக்டர்கிட்ட சீட்டு எழுதி வாங்கு. ஆட்டிசம்னு பேப்பர்ல எழுதிக் குடுக்கற வரைக்கும் ஸ்பீச் தெரபிக்கு காத்திருக்கணும்னு இல்ல. குணமாக்கிடறேன்னு உடம்புல இருந்து உலோகத்தை எடுக்கற மருந்து, பிளீச் கலந்த தண்ணின்னு யாராவது வந்தா கதவைச் சாத்து. 2005ல அமெரிக்கால அந்த உலோகம் எடுக்கற மருந்தை ஏத்தினதுல அஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் செத்தே போனான்.

கேள்வி: பிள்ளைக்கு ஆட்டிசம்னு போன மாசம் சொன்னாங்க. வெளிய சொன்னா டிவில அந்த அம்மாவைப் பேசின மாதிரி நம்மளையும் பேசுவாங்க, யார்கிட்டயும் மூச்சு விடாதன்னு எங்க அப்பா சொல்றார். மறைக்கறது சரியா?

பதில்: தம்பி, உங்க அப்பா பயம் புரியுது, ஆனா அவர் பேரனைப் பாத்துக்கற ஆளுங்களுக்குத் தெரிஞ்சே ஆகணும். டீச்சருக்கு, டாக்டருக்கு, நீங்க இல்லாத நேரம் அவனை வெச்சுக்கறவங்களுக்கு. தெரியலன்னா அடம் பிடிக்கறான்னு அடிப்பாங்க. மத்தவங்களுக்கு எப்ப சொல்லணும்னு உங்களுக்குத் தோணுதோ அப்ப சொல்லுங்க, அவசரமே இல்ல. சொல்லும்போது தலை குனிஞ்சு சொல்லாதீங்க, பக்கத்துல நிக்கற உங்க பையன் உங்க முகத்தைத்தான் பார்ப்பான்.

கேள்வி: எனக்கே ஆட்டிசம், வயசு 26. டிவி அம்மாவைப் பாவம்னு ஒரு கூட்டம், நடிப்புன்னு ஒரு கூட்டம். அந்தப் பையன் வளர்ந்து பார்த்தா எப்படி இருக்கும்னு யாருமே கேக்கல. நான் ஆறு வயசுல தரையில உருண்டு கத்தின வீடியோ இன்னைக்கும் சொந்தக்காரங்க போன்ல இருக்கு.

பதில்: உங்க லெட்டரை நாலு தடவை படிச்சேன், மேல இவ்ளோ எழுதினேன், அந்தப் பையனைப் பத்தி நானும் யோசிக்கல, உண்மை. என் பிள்ளைக்கு ஆட்டிசம்னு சொல்றது அம்மாவோட கதை, அதை அவ சொல்லலாம், சொல்றது நல்லதும்கூட, அதைக் கேட்டு இன்னொரு அம்மா பிள்ளையை ஒரு வருஷம் முன்னாடியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாம். ஆனா பிள்ளை கட்டுப்பாடு இழந்து கதறற நிமிஷம் பிள்ளையோடது, அங்க கேமராவுக்கு இடமே இல்ல. நம்ம யாராவது அழுது உடையற நேரத்துல பக்கத்துல ஒருத்தர் போனை நீட்டிப் படம் எடுத்தா சும்மா விடுவோமா? அந்த வீடியோவை அழிக்கச் சொல்லி சொந்தக்காரங்ககிட்ட கேளுங்க, தயங்காதீங்க, உங்க அம்மாவையும் கூட நிக்கச் சொல்லுங்க.

என் பொண்ணுக்கும் ஆட்டிசம்தான், இப்ப 19 வயசு. அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போது அவகிட்ட கேக்காம நான் நிறைய எழுதியிருக்கேன், அவ பாத்ரூம் பழகினது வரைக்கும். போன வருஷம் அதை எடுத்துப் படிச்சுட்டு ரெண்டு நாள் எங்கிட்ட பேசல. இந்தப் பதில்ல அவளைப் பத்தி வர்ற வரியை எல்லாம் நேத்து அவளுக்குப் படிச்சுக் காட்டினேன், ஒரு வரியை எடுக்கச் சொன்னா, எடுத்துட்டேன்.