பச்சை உடம்புக்கு ஐஸ் ஆகுமா?

பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் வலிக்குக் குளிர் ஒத்தடம் கொடுப்பது பற்றி வடசென்னையிலிருந்து வந்த சில கடிதங்களுக்கு, பிரசவ வார்டில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற செவிலியர் இந்த இதழில் பதில் தருகிறார்.

கேள்வி: சிஸ்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு இது எட்டாம் மாதம், இரண்டாவது பிள்ளை. மூத்தவன் பிறந்தபோது சுகப்பிரசவம்தான் என்றாலும் கீழே வெட்டித் தையல் போட்டார்கள். வார்டில் ஒரு சிஸ்டர் துணியில் சுற்றி ஐஸ் வைத்தார். போன உயிர் திரும்பியது போலிருந்தது. வீட்டுக்கு வந்து அதையே செய்யப்போனபோது என் மாமியார் அதைப் பறித்து வாசலில் எறிந்துவிட்டார். ‘பச்சை உடம்பில் ஐஸ் வைத்தால் ஜன்னி கண்டுவிடும்’ என்கிறார். விசைப்படகில் வேலை செய்யும் என் கணவரோ, ‘ஐஸுக்கா பஞ்சம்? துறைமுகத்திலிருந்து ஒரு துண்டு உடைத்து எடுத்து வருகிறேன்’ என்கிறார். இந்த முறை நான் யார் பேச்சைக் கேட்பது?
– காசிமேடு வாசகி

பதில்: ஐஸ் வைக்கலாம் என்பதில் உங்கள் கணவர் சரி, பச்சை உடம்புக்குக் காய்ச்சல் வந்துவிடக் கூடாது என்று அஞ்சுவதில் உங்கள் மாமியார் சரி. மாமியாரின் அச்சத்தை மூடநம்பிக்கை என்று நான் தள்ளிவிட மாட்டேன். பிள்ளை பெற்ற சில நாட்களில் காய்ச்சல் கண்டு, உடம்பு தூக்கித் தூக்கிப் போட, வாய் பிதற்றி இறந்துபோன பெண்களைக் கண்ட தலைமுறைகளிடமிருந்து வந்த அச்சம் அது. அந்த நடுக்கத்தைப் பார்த்தவர்கள், உடம்பில் குளிர்ச்சி ஏறிவிட்டது என்று முடிவு செய்ததில் வியப்பில்லை. ஆனால் பிரசவ ஜன்னிக்குக் காரணம் குளிர்ச்சி அன்று. கருப்பைக்குள்ளோ காயத்துக்குள்ளோ புகுந்த கிருமி. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையில் இக்னாஸ் செமல்வைஸ் என்ற மருத்துவர், பிரசவம் பார்ப்பதற்கு முன் குளோரின் கலந்த நீரில் கைகளைக் கழுவ வேண்டும் என்று கட்டாயமாக்கியதும், அங்கே இந்தக் காய்ச்சலால் இறந்த தாய்மார்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உங்கள் கணவர் எடுத்து வருவதாகச் சொல்லும் ஐஸ். மீனுக்குப் போடும் ஐஸ் பார் எப்படிக் கையாளப்படுகிறது என்பது காசிமேட்டில் வாழும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தரையில் இழுத்து, இரும்புக் கம்பியால் குத்தி, மீன் கூடைகளுக்கு நடுவே உடைத்துக் கொட்டும் அந்த ஐஸ் உருகினால், அதிலிருக்கும் அத்தனை அழுக்கும் தையல் போட்ட இடத்துக்குத்தான் வழியும். அந்த ஐஸை வைத்துப் பிறகு காய்ச்சலும் வந்துவிட்டால், ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று மாமியார் சொல்வதற்கு நாமே இடம் கொடுத்தவர்கள் ஆவோம். ஆகவே துறைமுகத்து ஐஸ் துறைமுகத்திலேயே இருக்கட்டும். உங்களுக்கு வேண்டியது வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில், மூடிய உறைக்குள் உறையவைத்த சிறிதளவு ஐஸ்தான்.

நாங்கள் வார்டில் செய்தது மிக எளிது. ஒரு புதிய ரப்பர் கையுறையின் வெளிப்புறத்தில் இருக்கும் மாவுப்பொடி போகக் கழுவி, ஆறிய தண்ணீரை முக்கால் அளவுக்கு ஊற்றி, மணிக்கட்டுப் பக்கத்தை இறுக முடிந்து ஃப்ரீசரில் வைத்துவிடுவோம். தண்ணீர் உறையும்போது விரியும் என்பதால் முழுக்க நிரப்பினால் கையுறை கிழியும். கல் போல இறுகுவதற்குச் சற்று முன்னால், உள்ளே பாதி தண்ணீரும் பாதி ஐஸுமாக நெகிழ்ந்திருக்கும்போது எடுத்தால், அது உடம்பின் வளைவுக்கு ஏற்ப அழகாகப் பொருந்திக்கொள்ளும். அதைத் துவைத்து வெயிலில் உலர்த்திய பழைய பருத்தி வேட்டித் துணியில் இரண்டு மடிப்பாகச் சுற்றியே வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகத் தோலில் பட்டால், நெருப்புச் சுட்டது போலத் தோல் வெந்து போகும். உறைகுளிரும் சுடும் என்பதைப் பலர் நம்புவதில்லை. முதன்முறை இதைப் பார்க்கும் பெண்கள், ஐந்து விரலோடு உறைந்து நிற்கும் அந்தக் கையைக் கண்டு சிரித்துவிடுவார்கள். பாவம், சிரித்தால் தையல் இழுக்கும்.

ஒரு முறைக்கு 10 நிமிடம் போதும். எப்படியும் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். பிறகு எடுத்துவிட்டு, அடுத்த முறைக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். ஐஸை வைத்தபடியே தூங்கிவிடக் கூடாது. பிள்ளையோடு இரவு முழுக்க விழித்த அசதியில் அப்படி நடப்பதுண்டு என்பதால், நேரம் பார்த்து எடுக்க அருகில் ஒருவர் இருப்பது நல்லது. அந்த வேலையை உங்கள் மாமியாரிடமே ஒப்படைத்துப் பாருங்கள். பிரசவத்தின்போது மரத்துப்போவதற்கு ஊசி போட்டிருந்தால், அந்த இடத்தில் உணர்ச்சி முழுதும் திரும்பிய பிறகே ஐஸ் வைக்க வேண்டும். மரத்த தோலுக்குத் தான் புண்ணாவது தெரியாது. முதல் இரண்டு மூன்று நாட்களில்தான் இதனால் பயன் அதிகம். அதற்குள் வீக்கம் வடியத் தொடங்கிவிடும்.

குளிர் என்ன செய்கிறது என்றால், அந்த இடத்து இரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கம் பெருகாமல் பார்த்துக்கொள்கிறது. வலியை மூளைக்குக் கொண்டுசெல்லும் நரம்புகளின் வேகத்தையும் தணிக்கிறது. காயத்தை அது ஆற்றுவதில்லை. காயம் தானாகத்தான் ஆற வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பு 2020இல் இது பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சான்றுகள் அவ்வளவு உறுதியானவை அல்ல என்றே எழுதியது. இருந்தும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பேறுகாலத்துக்குப் பிந்தைய பராமரிப்புப் பரிந்துரைகளில், இந்த வலிக்கு ஐஸ் பேக் அல்லது குளிர்ந்த பேடு கொடுக்கலாம், அது அந்தப் பெண்ணின் விருப்பத்தையும் கிடைக்கும் வசதியையும் பொறுத்தது என்று கூறியிருக்கிறது. பெண்ணின் விருப்பம் என்ற அந்தச் சொல்லை அடிக்கோடிட்டு வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. குளிர் பிடிக்காத பெண்ணுக்கு அதை வற்புறுத்தவும் வேண்டாம், வேண்டும் என்பவளிடமிருந்து பறித்து எறியவும் வேண்டாம்.

இந்த வலிக்கு மாத்திரை தேவைப்பட்டால், அதே பரிந்துரைகள் முதலில் சொல்வது பாரசிட்டமாலைத்தான். பால் கொடுக்கும் தாய் மாத்திரை போடலாமா என்று தயங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பவர்கள் உண்டு. மருத்துவர் எழுதிய அளவில் பாரசிட்டமால் எடுத்துக்கொள்வதால் பால் குடிக்கும் பிள்ளைக்குத் தீங்கில்லை. பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறியையும் குறைத்துவிட்டு, பிறகு மலம் இறுகி முக்குவதால் தையல் படும் பாடு தனி. ஐஸ் வைத்துத் தணித்த வலியைக் கழிவறையில் திரும்ப வாங்கி வருவதில் பொருளில்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஐஸ் வைத்தும் மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போனால், ஆசனவாயின் பக்கம் ஏதோ அழுத்துவது போலிருந்து வீக்கம் பெரிதானால், உள்ளே இரத்தம் கட்டுகிறது என்று பொருளாகலாம். அதை ஒத்தடத்தால் சமாளிக்க முயலாமல் உடனே பிரசவம் பார்த்த மருத்துவமனைக்குப் போக வேண்டும். 100.4 டிகிரி காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, தையல் பிரிந்து வாய் திறப்பது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது ஆகியவற்றுக்கும் இதுவே விதி. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பேடு முழுக்க நனையும் அளவுக்கு இரத்தம் போனால் ஆட்டோ தேடி நிற்காமல் 108ஐ அழையுங்கள்.

கேள்வி: என் மகளுக்குச் சிசேரியன் ஆகி ஒரு வாரம் ஆகிறது. இது அவளுக்கு இரண்டாம் பிள்ளை. பால் கொடுக்கும்போதெல்லாம் அடிவயிறு முறுக்கி வலிக்கிறது என்று அழுகிறாள். பக்கத்து வீட்டுப் பெண், வயிற்றில் ஐஸ் வைத்தால் சரியாகும் என்கிறாள். வைக்கலாமா?
– தண்டையார்பேட்டை வாசகி

பதில்: இங்கே இரண்டு வலிகள் கலந்திருக்கின்றன, பிரித்துப் பார்த்தால்தான் மருந்து தெரியும். பால் குடிக்கும்போது வரும் முறுக்கு, விரிந்திருந்த கருப்பை பழைய அளவுக்குச் சுருங்குவதால் வருவது. பிள்ளை மார்பில் வாய் வைத்ததும் தாயின் உடம்பில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கும். பாலை இறக்குவதும் அதுவே, கருப்பையைச் சுருக்கி இரத்தப்போக்கை அடக்குவதும் அதுவே. முதல் பிள்ளையைவிட அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு இந்த வலி கூடுதலாகத் தெரியும். இது சில நாட்களில் தணியும் வலி. இதற்குக் குளிரைவிட இளஞ்சூடுதான் இதமாக இருக்கும். ஆனால் ஆபரேஷன் தழும்பின் மேல் சூடு படக் கூடாது. பால் கொடுப்பதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். நிறைந்த சிறுநீர்ப்பை இந்த முறுக்கைக் கூட்டும். ஒரு வாரம் கடந்தும் குறையாமல் இருப்பதால், அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திராமல் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது.

தழும்பைச் சுற்றிய வலிக்கு, கட்டின் மேலாகத் துணி சுற்றிய ஐஸ் பேக்கைச் சில நிமிடம் வைக்கும் வழக்கம் சில மருத்துவமனைகளில் உண்டு. காயம் ஈரமாகக் கூடாது என்பதால், அவருக்கு ஆபரேஷன் செய்த மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக அதைச் செய்ய வேண்டாம். இருமும்போதும் படுக்கையிலிருந்து எழும்போதும் ஒரு தலையணையைத் தழும்பின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். காசில்லாத வைத்தியம், வலி கணிசமாகக் குறையும்.

கேள்வி: பிரசவமான நான்காம் நாள் மார்பு இரண்டும் கல்லாகிவிட்டன. பாட்டி கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஒத்தடம் கொடுத்து அழுத்திப் பிசைகிறார். வலி தாங்க முடியவில்லை.
– வியாசர்பாடி வாசகி

பதில்: பாட்டியின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். பால் கட்டிய மார்பில் பாலோடு வீக்கமும் சேர்ந்திருக்கிறது. அழுத்திப் பிசைந்தால் உள்ளே மெல்லிய திசுக்கள் நசுங்கி வீக்கம் கூடும். பிள்ளைக்குக் கொடுப்பதற்குச் சற்று முன் இதமான சூட்டில் ஓரிரு நிமிடம் துணி ஒத்தினால் பால் இறங்க உதவும். கொடுத்து முடித்த பிறகு துணி சுற்றிய ஐஸ் பேக்கைப் பத்து நிமிடம் வைத்தால் வீக்கமும் வலியும் தணியும். காம்பைச் சுற்றி இறுகிப் பிள்ளை வாய் வைக்க முடியாவிட்டால், கையால் கொஞ்சம் பாலை மெதுவாக எடுத்துவிட்டுக் கொடுங்கள். மார்பில் குளிர் வைத்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று சொல்வார்கள். பால் உடம்புச் சூட்டிலேயேதான் வரும், சளி பிடிக்காது. பாலை நிறுத்த மட்டும் வேண்டாம். ஓரிடம் சிவந்து காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மனைவிக்கு இம்மாதம் பிரசவம். நாங்கள் இருப்பது ஒற்றை அறை வீடு, ஃப்ரிட்ஜ் இல்லை. எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?
– திருவொற்றியூர் வாசகர்

பதில்: கணவர் எழுதிய ஒரே கடிதம் இது, உங்களுக்கு என் நன்றி. குளிர் ஒத்தடத்துக்கு ஐஸ்தான் வேண்டும் என்பதில்லை. காய்ச்சிய தண்ணீரை மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றி, அந்தப் பாத்திரத்தை மண்பானைத் தண்ணீருக்குள் இறக்கிவைத்தால் நன்றாகக் குளிர்ந்துவிடும். அதில் துவைத்த துணியை நனைத்துப் பிழிந்து, மடித்து வைக்கலாம். சூடேறியதும் வேறு துணி மாற்ற வேண்டும் என்பதால் நான்கைந்து துணிகளை முன்கூட்டியே துவைத்து வெயிலில் காயவைத்துக்கொள்ளுங்கள். ஐஸ் அளவுக்கு மரக்காது என்றாலும் எரிச்சலைத் தணிக்கும். பக்கத்து வீட்டு ஃப்ரீசரில் இடம் கேட்பதானால், கையுறையை மூடியுள்ள டப்பாவில் வைத்துக் கொடுங்கள். அங்கே மீனும் இருக்கும். ஜூஸ் கடை ஐஸ் வேண்டவே வேண்டாம்.

சிறுநீர் கழிக்கும்போது தையலில் எரியும் என்பதால், பல பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். கழிக்கும்போதே ஒரு சொம்பு சுத்தமான தண்ணீரை முன்பக்கமிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் எரிச்சல் தெரியாது. துடைப்பதும் முன்னிருந்து பின்னாகத்தான். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அழைத்து வரும்போது ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்காரவைக்காதீர்கள். தனி ஆட்டோ பிடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார இடம் விட்டு, பள்ளம் வருமிடங்களில் மெதுவாகப் போகும்படி ஓட்டுநரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.