ஜெரோனிமோ சர்வருக்குள் டஸ்கனி ரன்டைமை எப்படிச் சேர்ப்பது?

கேள்வி சுருக்கமாக: எஸ்சிஏ (சேவைகளைக் கூறுகளாக இணைத்துச் செயலி கட்டும் முறை) செயலிகளை ஓட்டும் அப்பாச்சி டஸ்கனியில் எழுதிய காம்போசிட் (இணைத்த கூறுகளின் தொகுப்பு) தனியாக நன்றாக ஓடுகிறது. அதையே வார் ஃபைலாக்கி (வெப் செயலியின் பொதி) அப்பாச்சியின் ஜாவா சர்வரான ஜெரோனிமோவில் ஏற்றினால், 8080 போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லி நின்றுவிடுகிறது. போர்ட் எண்ணை மாற்றினால் போதுமா?

போதாது. எண்ணை மாற்றினால் இன்றைக்குப் பிழை மறையும், அடுத்த வாரம் வேறு இடத்தில் முளைக்கும். தனியாக ஓடும்போது டஸ்கனிதான் வீட்டுக்காரர். போர்ட், த்ரெட், கிளாஸ்லோடர் (வகுப்புகளை நினைவகத்தில் ஏற்றுவது) எல்லாம் அதன் கையில். ஜெரோனிமோவுக்குள் வந்துவிட்டால் அது குடித்தனக்காரர். இந்த மூன்றையும் சர்வரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

போர்ட் விஷயம் எளிது. வெப் சர்வீஸ் பைண்டிங் (கூறு வெளியே பேசும் வழி) இருந்தால், டஸ்கனி தனக்கென்று ஜெட்டி அல்லது டாம்கேட் என்ற வெப் சர்வரை உள்ளேயே கிளப்பிவிடும். அந்த இரண்டு ஹோஸ்ட் ஜார்களையும் லிப் ஃபோல்டரிலிருந்து எடுத்துவிட்டு, வெப்ஆப் ஹோஸ்ட் ஜாரை மட்டும் வையுங்கள். வெப்.எக்ஸ்எம்எல்-இல் டஸ்கனியின் சர்வ்லெட் ஃபில்டரைச் சேருங்கள். கோரிக்கைகள் சர்வரின் போர்ட் வழியாகவே வரும்.

நான் தவித்தது கிளாஸ்லோடரில்தான். வெப் சர்வீஸ் நூலகமான ஆக்சிஸ்2 ஜெரோனிமோவிலும் இருந்தது, டஸ்கனியோடும் வந்தது. ஒரே உறையில் இரண்டு கத்தி. ஆக்சிஸ்2 பயன்படுத்தும் எக்ஸ்எம்எல் நூலகமான ஆக்சியமின் ஓஎம்எலிமென்ட்இம்பிளை ஓஎம்எலிமென்ட்டாக மாற்ற முடியவில்லை என்று கிளாஸ்காஸ்ட் எக்ஸெப்ஷன். அந்த வகுப்பு அந்த இன்டர்ஃபேஸைத்தானே செயல்படுத்துகிறது, இது எப்படி என்று இரண்டு நாள் குழம்பினேன். கடைசியில் இரண்டு வகுப்புகளின் கெட்கிளாஸ்லோடர் மதிப்பையும் லாக்கில் அச்சிட்டேன்: ஒன்று சர்வருடையது, இன்னொன்று வாருடையது. லோடர் வேறானால், பெயர் ஒன்றாக இருந்தாலும் ஜேவிஎம்முக்கு அவை வெவ்வேறு வகுப்புகள்தான்.

தீர்வு, ஜெரோனிமோ-வெப்.எக்ஸ்எம்எல்-இல் ஹிடன்-கிளாசஸ் பகுதியில் ஆக்சிஸ்2, ஆக்சியம் பேக்கேஜ்களை ஃபில்டராகக் கொடுப்பது. சர்வரிடம் இருக்கும் பிரதி உங்கள் வாரின் கண்ணில் படாது. இன்வர்ஸ்-கிளாஸ்லோடிங் என்ற ஒற்றை வரியைப் போடச் சிலர் சொல்வார்கள். அதை முதலில் தொடாதீர்கள். தவறுதலாக வாருக்குள் வந்துவிட்ட ஜார்களுக்கும் சேர்த்து அது முன்னுரிமை கொடுத்துவிடும். எது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது இன்னும் கடினமாகும்.

அப்புறம் த்ரெட். ஒன்வே (பதிலுக்குக் காத்திராத அழைப்பு) என்று குறித்த மெத்தடை டஸ்கனி தன் வொர்க் ஷெட்யூலரிடம் கொடுத்து வேறு த்ரெட்டில் ஓட்டும். சர்வருக்குத் தெரியாத த்ரெட் அது. அதில் ஜேஎன்டிஐ (சர்வரின் பெயர்ப் பதிவேடு) வழியாக டேட்டாசோர்ஸை (தரவுத்தள இணைப்பு தருவது) தேடினால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அழைத்தவரின் பரிவர்த்தனையும் அங்கே தொடராது. சாதாரண அழைப்பு சரியாக ஓடி, ஒன்வே மட்டும் சொதப்பினால் முதலில் இங்கே பாருங்கள். வொர்க் ஷெட்யூலரை மாற்ற டஸ்கனி இடம் தருகிறது. சர்வரின் த்ரெட் பூலைப் பயன்படுத்தும் ஒன்றை எழுதி அங்கே பொருத்துங்கள்.

டஸ்கனியை ஒரு ஜிபீனாக (ஜெரோனிமோவின் உள் கூறு), சர்வரின் ப்ளக்இன்னாகவே சேர்க்கும் வழியும் உண்டு. பல செயலிகள் ஒரே எஸ்சிஏ டொமைனைப் பகிர வேண்டுமென்றால் அந்த உழைப்பு தகும். ஒன்றிரண்டு வார்தான் என்றால் வேண்டாம். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும்: வாருக்கு ஒரு ரன்டைம் என்று வைத்தால், இரு வார்களுக்கிடையே நேரடி வயர் (கூறுகளை இணைக்கும் தொடர்பு) கிடையாது; வெப் சர்வீஸ் போன்ற பைண்டிங் வழியாகத்தான் பேச முடியும்.

டஸ்கனி 2016-இலேயே அப்பாச்சி ஆட்டிக்குக்கு (கைவிட்ட திட்டங்களின் இடம்) போய்விட்டது. புதிதாகத் தொடங்குபவராக இருந்தால் இதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பழைய சிஸ்டத்தைக் காப்பாற்றுகிறீர்கள் என்றால், எல்லாம் முடிந்தபின் வாரை இறக்கி ஏற்றி நான்கைந்து முறை சோதியுங்கள். ஒவ்வொரு முறையும் பெர்ம்ஜென் (வகுப்புகளுக்கான நினைவகம்; ஜாவா 8 முதல் மெட்டாஸ்பேஸ்) ஏறிக்கொண்டே போனால், டஸ்கனியின் ஏதோ ஒரு த்ரெட் இன்னும் நிற்காமல் பழைய கிளாஸ்லோடரைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று த்ரெட் டம்ப் எடுத்துப் பாருங்கள்.