கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் பரிசோதனை பற்றிய ரீல்ஸை அம்மாவுக்கு அனுப்பினால் பயன் உண்டா?

உண்டு. ஆனால் ‘இந்த 5 அறிகுறிகள் இருந்தால் ஜாக்கிரதை’ வகையை மட்டும் அனுப்பாதீர்கள். உங்கள் அம்மாவும் எங்கள் வீட்டுப் பெண்களைப் போல ஆஸ்பத்திரியைத் தள்ளிப்போடுகிறவர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம். அப்படி ஒரு வீடியோ எங்கள் குடும்ப குரூப்பில் வந்தது. வெள்ளைப்படுதல், உறவுக்குப் பின் ரத்தம், இடுப்பு வலி என்று வரிசையாகச் சொல்லி, பின்னணியில் சோக இசை. அண்ணி முழுசாகப் பார்த்துவிட்டு, “இதுல ஒண்ணுகூட எனக்கு இல்லையே கண்ணு, நான் எதுக்கு வரோணும்?” என்றார். வேறென்ன சொல்வார்? இந்தப் பரிசோதனையே எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குத்தான் என்று அதில் ஒரு வரி இல்லை. இந்த நோய்க்குக் காரணமான ஹெச்பிவி வைரஸ் தொற்று உடம்பை விட்டுப் போகாமல் தங்கினால், புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 15, 20 வருஷம் ஆகும். அதற்குள் பிடிக்கத்தான், கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை.

அவர் மனசை மாற்றியது வேறொரு வீடியோ. ஒரு நர்ஸ், உள்ளே பார்க்க வழிவிடும் கருவியான ஸ்பெகுலத்தையும் சின்ன பிரஷ்ஷையும் கையில் வைத்துக்கொண்டு, எப்படிப் படுக்கச் சொல்வார்கள், எங்கே லேசாக அழுத்தும், சில நிமிஷத்தில் முடிந்துவிடும் என்று நிதானமாகச் சொன்னார். அண்ணி அடுத்த வாரமே கிளம்பிவிட்டார். ரிசல்ட்டில் செல்களில் மாற்றம் தெரிந்தது. அப்புறம் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபி, அந்த இடத்துக்கு மட்டும் சிகிச்சை, அன்றே வீடு. புற்றுநோயாக ஆகியிருக்கவில்லை.

டாக்டர்கள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அறிகுறியே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம் பட்டால் உடனே போய்க் காட்டத்தான் வேண்டும்.

பயமுறுத்தினால்தான் மக்கள் கேட்பார்கள் என்பவர்களுக்கும் ஒன்று. 2024 பிப்ரவரியில் நடிகை பூனம் பாண்டே இந்த நோயில் இறந்துவிட்டதாக இன்ஸ்டாகிராமில் வந்தது. மறுநாளே, உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்று வீடியோ போட்டார். இந்த நோயில் அம்மாவை இழந்தவர்கள் அதை எப்படிப் பார்த்திருப்பார்கள்? இன்னும் ஆறவில்லை எனக்கு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அண்ணியிடம் கையெழுத்து வாங்கிய சம்மதப் பத்திரம் மலையாளத்தில் மட்டும் இருந்தது. அவர் படித்தது தமிழ் மீடியம். இங்குள்ள தமிழர்கள் அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம் என்று கேரளத்தின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே இடம் கொடுத்தார்கள். உடம்பு விஷயத்தில் ஒரு தாளைத் தமிழில் அச்சடிக்க முடியாதா?

சரி, உங்கள் அம்மாவுக்கு வருவோம். 30 வயதிலிருந்து 65 வரை இந்தப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். எங்கே, எந்தக் கிழமை செய்கிறார்கள் என்று பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் விசாரித்து, வீடியோவோடு அதையும் எழுதி அனுப்புங்கள். முடிந்தால் கூடவே போங்கள்.