பதில்: ‘காணாமல் போனோர்’ என்று அச்சிடலாமா?

தம்பி, மட்டக்களப்பு வந்தாறுமூலை நினைவுதினத் துண்டுப்பிரசுரத்தில் ‘காணாமல் போன 158 பேர்’ என்று போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். ஆடு காணாமல் போகும், குடை காணாமல் போகும். இவர்களை 1990 செப்டெம்பர் 5 அன்று கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமுக்குள் வந்து இலங்கை இராணுவம் பிடித்துக்கொண்டு போனது.

‘காணாமற்போன ஆட்கள்’ என்பது அரச தமிழ். இவர்களைத் தேடவென்று அரசு அமைத்த ‘காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம்’ என்பதன் பெயரிலேயே இருக்கிறது. பிள்ளைகளைத் தேடும் தாய்மார் சொல்வது ‘வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்’. அதுவே திறம். ஆனால் அதிலும் ஆக்கினவர் யாரென்று இல்லை, பார்த்தீர்களா? ‘இராணுவம் கொண்டுபோன 158 பேர், இன்னும் திரும்பவில்லை’ என்று எழுதுங்கள்.

அப்புறம், 1991 கொக்கட்டிச்சோலைப் படுகொலையில் இறந்தவர்களுக்கு நீங்கள் எழுதியிருக்கும் ‘மோதலில் சிக்கி’ என்பதையும் வெட்டுங்கள். அரசு நியமித்த ஆணைக்குழுவே அந்தக் கதையை ஏற்கவில்லை.