கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம்: பழைய கடன்காரருக்கு மட்டும் ஏன் கூடுதல் வட்டி?

கேள்வி: 2017-ல் வீட்டுக் கடன் வாங்கினேன். ஒரு தவணைகூடத் தவறியதில்லை. இன்னும் 18 லட்சம் பாக்கி, வட்டி 9.4 சதவீதம். போன மாதம் அதே கிளையில் கடன் வாங்கிய என் கொழுந்தனாருக்கு 8.1 தான். ஒழுங்காகக் கட்டியதற்கு இதுதான் மரியாதையா?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: மரியாதை இல்லைதான் அம்மா. 34 வருடம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், வங்கிகளுக்குள் நடக்கும் போட்டியெல்லாம் வாசலில் நிற்பவருக்காகத்தான். உள்ளே வந்துவிட்டவரை யாரும் கண்டுகொள்வதில்லை.

உங்கள் கடன் எம்.சி.எல்.ஆர். கணக்கில் இருக்கும். வங்கி தன் செலவை வைத்துத் தானே போடும் கணக்கு அது. ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தாலும் ஆடி அசைந்துதான் இறங்கும். 2019 அக்டோபர் 1 முதல் கொடுக்கும், மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) போன்ற வெளி விகிதத்தோடு இணைக்க வேண்டும் என்று ஆனது. 2025-ல் பிப்ரவரி முதல் ஜூனுக்குள் ரெப்போ 6.5-லிருந்து 5.5-க்கு இறங்கியபோது, அதில் இருந்தவர்களுக்குத் தானாகக் குறைந்தது. பழையவர்கள் எழுதிக் கேட்டால்தான் உண்டு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2016 ஏப்ரலில் எம்.சி.எல்.ஆர். வந்தபோது நான் ஒரு கிளையில் மேனேஜர். அதற்கு முந்தைய வட்டி முறையான பேஸ் ரேட்டில் இருந்தவர்கள் கேட்டால் மாறலாம். ஒரு ரயில்வே ஊழியர் எதிர் வங்கியின் நோட்டீஸை என் மேஜையில் வைத்து, "டேக் ஓவருக்குப் பத்திர நகல் வேண்டும் சார்" என்றார். கடனை அந்த வங்கிக்கு மாற்றிக்கொள்ளப் போகிறார் என்று அர்த்தம். பத்தே நிமிடத்தில் அவர் வட்டியைக் குறைக்க ஏற்பாடு செய்தேன். அன்றைக்கே, அதே வட்டியில் கடன் இருந்த ஓர் ஆசிரியர் பாஸ்புக் பதிய வந்தார். சௌக்கியமா என்று விசாரித்து அனுப்பிவிட்டேன். புதுக் கடன் எத்தனை என்றுதான் மண்டல அலுவலகத்திலிருந்து போன் வரும். பழைய ஆளுக்குக் குறைத்தாயா என்று ஒருநாளும் யாரும் கேட்டதில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். 18 லட்சத்துக்கு 1.3 சதவீதம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 23,400 ரூபாய். கிளைக்குப் போய், ரெப்போ வட்டிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள்; நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்குங்கள். மாற்றுக் கட்டணம் ஒன்று கேட்பார்கள், கட்டலாம். ஆனால் மாறிய பிறகு மொத்த வட்டி எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். ரெப்போவுக்கு மேல் வைக்கும் 'ஸ்பிரெட்'டில்தான் விளையாடுவார்கள்.

இழுத்தடித்தால் வேறு வங்கி. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க 2012 முதலே அபராதம் கிடையாது. ஆனால் பழைய எம்.ஓ.டி.யை (பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்ததற்கான பதிவு) ரத்து செய்து புதிதாகப் பதியும் செலவு, வக்கீல் கட்டணம் எல்லாம் உண்டு. இன்னும் ஏழெட்டு வருடம் பாக்கி இருந்தால்தான் அந்த அலைச்சல் கட்டுப்படியாகும். கடன் அடைந்த 30 நாளுக்குள் பத்திரம் கைக்கு வர வேண்டும். வங்கியால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் அவர்கள் உங்களுக்குத் தர வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு 78 வயது, மாடிப்படி இறங்க முடியாது. பென்ஷன் பணத்தை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்களா?
- ஒரு வாசகர், தேனி

பதில்: 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வீட்டிலேயே பணம் தருவது, வாழ்நாள் சான்று வாங்குவது போன்ற சேவைகளுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லி, ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு எழுதிவிட்டது. "நம்ம கிளையில் இல்லை சார்" என்பார்கள். அதையே எழுதித் தரச் சொல்லுங்கள்.