கரியமில வாயுவைப் பாறைக்குள் புதைப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகள்

புவி சூடாவதைக் குறைக்க எரிமலைப் பாறைக்குள் கரியமில வாயுவை இறக்கும் வேலையைப் பற்றி இந்த இரண்டு மாவட்டங்களிலிருந்தும் நிறைய பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

வாயு எப்படி சார் கல்லாகும்? நம்புற மாதிரி இல்லையே. (பாலக்கோடு)

கோலி சோடாவில் இருப்பதும் இதே வாயுதான், தண்ணீரில் கரைந்து லேசான அமிலமாக இருக்கிறது. அந்த மாதிரித் தண்ணீரை பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்தினால், பாறையில் உள்ள கால்சியம், மக்னீசியம், இரும்பு எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வாயுவோடு சேர்ந்து கார்பனேட் கனிமங்களாகப் படியும். ஐஸ்லாந்தில் ஹெல்லிஷெய்தி புவிவெப்ப மின்நிலையத்துக்குப் பக்கத்தில் 2012இல் கார்ப்ஃபிக்ஸ் குழு 400 முதல் 800 மீட்டர் ஆழத்துக்கு இப்படிச் செலுத்தியது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்று பலர் நினைத்திருக்க, இரண்டே ஆண்டுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் கல்லாகிவிட்டது என்று 2016இல் முடிவு வெளியானது. கண்காணிப்புக் கிணற்றில் இருந்த மோட்டாரே சுண்ணப் படிவு அடைத்து நின்றுபோனது. உப்புத் தண்ணீரில் போர் மோட்டார் ஓட்டுகிற உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இயற்கையும் இதைச் செய்திருக்கிறது, ரொம்ப தூரம் போக வேண்டாம். சேலத்தில் வெட்டுகிறார்களே வெள்ளைக்கல், அந்த மேக்னசைட், மக்னீசியம் நிறைந்த பாறையோடு கரியமில வாயு சேர்ந்து உண்டானதுதான்.

எங்க ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பாறை. இங்கேயே போட்டால் என்ன? (பர்கூர்)

பாறை இருந்தால் மட்டும் போதாதே. இங்கே பெரும்பாலும் கிரானைட், நைஸ், சார்னகைட் என்ற பாறை வகைகள். இவற்றில் சிலிக்கா அதிகம், வினைக்கு வேண்டிய கால்சியமும் மக்னீசியமும் குறைவு. சரி, குவாரிகளில் கருப்பு கிரானைட் என்று விற்கிறார்களே, அது? உண்மையில் அது டோலரைட், வேதியியலில் பசால்ட்டின் உடன்பிறப்பு. ஆனால் பூமிக்குள்ளேயே இறுகியதால் துளையே கிடையாது. கண்ணாடி மாதிரி பாலிஷ் ஏறுகிற கல்லுக்குள் தண்ணீர் எங்கே போய் நிற்கும்? அந்தக் கல்லும் பூமிக்குள் சுவர் சுவராகத்தான் ஓடுகிறது, பரந்து கிடக்கவில்லை. இந்தியாவில் இதற்கு ஏற்ற இடம் தக்காணப் படிக்கட்டுப் பாறைகள்தான். மகாராஷ்டிரம், குஜராத், மத்தியப் பிரதேசம் என்று சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர், ஒன்றன்மேல் ஒன்றாக ஓடி இறுகிய எரிமலைக் குழம்பு. அதிலும் எல்லா அடுக்கும் உதவாது, குமிழ் விட்ட துளைகள் அடைபடாமல் இருக்கும் அடுக்குதான் வேண்டும்.

ஒகேனக்கல்லில் கார்பன் பாறை இருக்காமே? (பென்னாகரம்)

இருக்கிறது, கார்பனடைட் என்பார்கள், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் சாமல்பட்டியிலும் உண்டு. உருவானபோதே பெரும்பாலும் கார்பனேட்டாக இருந்த பாறை அது, அதனால் இந்த வேலைக்கு ஆகாது.

தண்ணீர் எவ்வளவு பிடிக்கும்? (ஊத்தங்கரை)

சரியான கேள்வி. ஐஸ்லாந்து முறையில் ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீர், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு. ஒரு டன் வாயு என்பது ஏறக்குறைய 370 லிட்டர் டீசல் எரித்தால் வருவது. ஆயிரம் அடி போர் போட்டும் தூசி வருகிற ஊரில் இந்தக் கணக்கைச் சொன்னாலே அடிக்க வருவார்கள். ஆனால் தண்ணீர் கலக்காத வழியும் இருக்கிறது: அமெரிக்காவின் வல்லூலாவில் 2013இல் சுமார் 1,000 டன் வாயுவை அழுத்தி அப்படியே பசால்ட்டுக்குள் இறக்கினார்கள், இரண்டு ஆண்டில் அறுபது சதவீதம் அளவுக்குக் கனிமமானதாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். கடல்நீரை வைத்துச் செய்யும் சோதனையும் ஐஸ்லாந்தில் நடந்திருக்கிறது.

நிலத்தடி நீர் கெட்டுப்போகாதா? ஏற்கெனவே ஃப்ளோரைடால் பல் போச்சு. (பெயர் வேண்டாம் என்றவர், தர்மபுரி)

ஐஸ்லாந்தில் குடிநீர் அடுக்குக்கு வெகு கீழே செலுத்துகிறார்கள். ஆனால் உங்கள் பயம் வெறும் பயம் இல்லை. ஃப்ளோரைடு இங்கே பாறையிலிருந்தே கரைந்து வருகிறது. தண்ணீரில் கால்சியம் இருந்தால் அது ஃப்ளோரைடைப் பிடித்து வைக்கும்; கால்சியம் சுண்ணமாகப் படிந்து வெளியேறினால் ஃப்ளோரைடு ஏறும். கரியமில வாயுவைக் கல்லாக்குவதே கால்சியத்தைப் படியவைக்கும் வேலைதானே. ஆகவே பாறைக்குத் துளை இருந்திருந்தால்கூட தர்மபுரியில் இதைச் செய்யச் சொல்ல எனக்கு மனசு வராது.

அப்போ நிலக்கரியை இஷ்டத்துக்கு எரிக்கலாமா? (ஓசூர்)

2021இல் ஐஸ்லாந்தில் திறந்த ஓர்கா ஆலை காற்றிலிருந்து வாயுவைப் பிடித்துக் கல்லாக்க அனுப்புகிறது, கொள்ளளவு ஆண்டுக்கு 4,000 டன். நிலக்கரி மின்சாரத்தில் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயு வரும். மேட்டூரில் இருக்கும் 600 மெகாவாட் அலகு முழுவேகத்தில் ஓடினால் அந்த 4,000 டன் ஏழு மணி நேரத்தில் வந்துவிடும். மீதிக் கணக்கை நீங்களே போடுங்கள். சிமென்ட், எஃகு மாதிரி வேறு வழி குறைவாக உள்ள தொழில்களுக்கு இது பயன்படலாம், மின்சாரத்துக்கு வெயிலும் காற்றும் இருக்கும்போது இந்தச் சுற்றுவழி எதற்கு?

கிரஷர் தூசியை மாந்தோப்பில் கொட்டினால் கரியமில வாயுவை இழுக்குமாமே? (காவேரிப்பட்டணம்)

பசால்ட் தூளை வயலில் தூவும் சோதனைகள் சில நாடுகளில் நடக்கின்றன, அதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் பக்கத்துக் கிரஷரில் வருவது பெரும்பாலும் கிரானைட் தூசி, அது மெதுவாகவும் குறைவாகவும்தான் வேலை செய்யும். அப்புறம் அந்தத் தூசியை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கேடு. இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.